முப்பத்து நான்காவது கோடு

இல்லை கண்ணு, அப்பா போட்டோவுக்காக அப்படி நிற்கவில்லை. நீ கேட்டபோது, உன் அப்பாவுக்கு போஸ் கொடுக்கத் தெரியாதா என்று சிரித்து மழுப்பிவிட்டேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இருப்பது இரண்டு அறை, எந்த மூலையில் நின்று போன் பேசினாலும் மற்ற மூலைக்குக் கேட்கும். அதனால்தான் கடிதம். முதலில் எழுதவேண்டியதை எழுதிவிடுகிறேன். இங்கே நாங்கள் இரண்டு பேரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு அந்த இருமல் இல்லாமல் இருந்தால் எனக்கு அதுவே போதும். இந்த வரியை எழுதும்போது பேனா கொஞ்சம் நின்றது. பயப்படாதே. பயப்படாதே என்று எழுதினால்தான் நீ பயப்படுவாய் என்பதும் தெரியும். வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. டிக்கெட் எதுவும் போட்டுவிடாதே. முழுக்கப் படி. பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் குடி. பிறகு யோசி.

போட்டோவைப் பார்த்துவிட்டு, இது நம்ம பைப்படியா, சத்தியமா சொல்லும்மா என்று இரண்டு முறை கேட்டாய். நம் பைப்படிதான். நான்கு தெருவும் வந்து முட்டுகிற அதே இடம். நடுவில் அந்த சிமெண்ட் மேடை, அதன்மேல் நீ இரண்டாம் வகுப்பு படித்தபோது கடைசியாகத் தண்ணீர் விட்ட குழாய், சுற்றிலும் சரக்கு வேன்கள், யாரோ கொண்டுவந்து தள்ளிய உடைந்த ஃப்ரிட்ஜ், மூட்டை மூட்டையாகக் குப்பை. நீ போன பிறகு இன்னும் மோசமாகிவிட்டிருந்தது. போன வருடம் மாடிவீட்டுத் தையல்காரியின் மாமியார் பாதத்தில் ஒரு வேன் பின்பக்கமாக வந்து ஏறிவிட்டது. இரண்டு விரல் போயிற்று. அதற்குப் பிறகுதான் பள்ளிக்கூடத்து ஓவிய டீச்சர் வீடு வீடாக வந்தாள். உன் வயதுதான் இருக்கும். பேசிக்கொண்டே தலைமுடியைச் சுருட்டி அதில் பென்சிலைச் செருகிக்கொள்வாள், அப்புறம் பென்சிலைத் தேடுவாள். யாராவது வந்து சரி பண்ணுவாங்கன்னு உக்காந்திருந்தா மிச்ச விரலும் போயிடும், நாமளே வரைஞ்சு நம்ம இடமா ஆக்கிக்கலாம் என்றாள். சலூன்காரர் விடுவாரா. டீச்சர், குப்பை மேல பெயிண்ட் அடிச்சா அது கலர் குப்பைதானே என்றார். எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். முதல் வாரம் பெயிண்டே கிடையாது, எல்லாரும் சும்மா நடந்தா போதும் என்றாள்.

அவள் சொன்ன முறை இதுதான். குப்பையை அள்ளி, வேன்காரர்களிடம் கெஞ்சி ஒரு வாரத்துக்கு இடத்தைக் காலியாக வாங்கினோம். விளையாட்டு மைதானத்தில் கோடு போடுகிற சுண்ணாம்புப் பொடியைப் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்தாள். தையல்காரி வெட்டுத்துணிகளில் சின்னச் சின்னப் பைகள் தைத்துக் கொடுத்தாள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு ஓட்டை. பையை இடுப்பில் கட்டிக்கொண்டு, தினமும் எப்படி நடப்போமோ அப்படி நடக்கவேண்டும். பின்னாலேயே ஒரு வெள்ளைக் கோடு வரும். அந்த வாரம் பைப்படியை மாடியிலிருந்து நீ பார்த்திருக்கவேண்டும். மருந்துக்கடைக்காரர் ஸ்கேல் வைத்துப் போட்டதுபோலப் போனார். தையல்காரியின் கோடு எல்லா வாசலையும் தொட்டுவிட்டுப் போயிற்று. ஊர்வம்பு ஏத்தி இறக்க எத்தனை ஸ்டாப்பிங் பாருங்க என்றார் சலூன்காரர். உங்க கோடுதான் கடையை விட்டே வெளிய வரலியே, எல்லா வம்பும் அங்கயே வந்து சவரம் பண்ணிக்குதே என்றாள் அவள். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு நம்பர் கொடுத்து, யாருடையது, எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று வரைந்து வைக்கவேண்டும். அந்த நோட்டு என் கைக்கு வந்தது. அம்மா இருபத்தாறு வருஷம் ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூம்ல இருந்தவங்க, அவங்க எழுதினா தப்பு வராது என்று டீச்சர் சொன்னாள். மொத்தம் அறுபத்தோரு கோடு. எந்தக் கோடும் போகாத இடத்தில் பெஞ்சும் செடியும். எந்தக் கோடும் தேடிப் போகாத பொருளை எடுத்துவிடலாம். அவ்வளவுதான் அவள் கணக்கு.

அப்பாவும் சும்மா இருக்கவில்லை, அதைச் சொல்லவேண்டும். கூட்டத்தில் எழுந்து நின்று பேசினார். இடத்தை அழகு பண்ணிட்டா மறுநாளே வேன் வந்து நிக்குமே, அதுக்கு என்ன பண்ணப் போறீங்க என்று யாரோ கேட்டார்கள். போர்டு வைக்கலாம் என்றாள் டீச்சர். அப்பா சொன்னார், போர்டெல்லாம் வண்டிக்காரன் கண்ணுல படாதும்மா, தெருமுனையில தரையில ஒரு முழ அகலத்துக்கு வெள்ளைக் கோடு போடுங்க, மனசு நினைக்கறதுக்கு முன்னாடி கால் பிரேக்குக்குப் போயிடும், முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டின கால் சொல்லுது. கைதட்டினார்கள். டிரைவரண்ணே, இதை முன்னாடியே சொல்லியிருந்தா அந்தம்மா விரல் தப்பிச்சிருக்குமே என்றார் சலூன்காரர். அன்று வீட்டுக்கு வந்து அப்பா இரண்டு முறை அதைச் சொல்லிக் காட்டினார். மூன்றாவது முறை சொன்னபோது, அதற்கு முன் சொன்னது நினைவில்லாமல் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதை ஒதுக்கி வைத்தேன்.

அவர் கோடு முப்பத்து நான்காவது. காலை ஆறரை, பால் வாங்கப் போகிற வழி. நம் தெருவிலிருந்து பைப்படிக்கு வந்து, எதிர்த் தெருமுனையைத் தாண்டினால் பால் பூத், நேர்க் கோடு. நீ கண்ணை மூடிக்கொண்டு போவாய். நான் நோட்டோடு ஓரமாக நின்றிருந்தேன். அவர் வந்தார். குழாய் மேடை அருகில் நின்றார். மேடையை ஒரு சுற்று சுற்றினார். இன்னொரு சுற்று. குழாயின் தலையில் கையை வைத்தார். மூன்றாவது சுற்றின் முடிவில் முகம் தெளிந்தது, நேராக பால் பூத்துக்குப் போனார். பின்னால் மூன்று வெள்ளை வட்டம். கடையைத் திறந்துகொண்டிருந்த சலூன்காரர் மட்டும் பார்த்தார். டிரைவரண்ணன் ரவுண்டானா போட்டுட்டாரு என்று சத்தமாகச் சிரித்தார். எப்பவும் விளையாட்டுதான் இவருக்கு என்று நானும் சிரித்தேன். பிறகு டீச்சர் வருவதற்குள் அந்த வட்டங்களைக் காலால் தேய்த்து அழித்தேன். நோட்டில் ஒரு நேர்க்கோடு போட்டேன். கண்ணு, ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் தேதியை மாற்றி எழுதச் சொன்னபோது மாட்டேன் என்றவள் நான். அந்தக் கதையை உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். இத்தனை வருடத்தில் நான் எழுதிய ஒரே பொய் அந்த நேர்க்கோடு.

நோட்டின்படி யாருமே குழாயைத் தேடிப் போகவில்லை. அதனால் மேடையை இடித்துக் குழாயைப் பிடுங்கிவிட்டார்கள். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். கையில் அதே நோட்டு. பிறகு பெயிண்ட் வந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமை, தெருவே தரையில் குந்தியிருந்தது. நடந்த கோடுகளையெல்லாம் நீலம், காவி, மஞ்சள் என்று ஆளுக்கொரு நிறத்தில் பட்டையாக வரைந்தோம். ஒன்றின்மேல் ஒன்று ஏறி, பின்னி, பிரிந்து போகிறது. அதைத்தான் நீ ஆறு மாதிரி இருக்கிறது என்றாய். தையல்காரியின் மாமியார் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு பட்டையை முடித்தாள். வேன்கள் உள்ளே வருகிற எதிர்த் தெருமுனையில் அப்பா சொன்னபடி ஒரு முழ அகலத்தில் வெள்ளைக் கோடு. நாங்கள் கைதட்டக் காத்திருந்தோம். முதல் வேன் வந்தது. கோட்டில் நின்றது. டிரைவர் தலையை நீட்டிப் பார்த்துவிட்டுப் பின்னால் எடுத்துக்கொண்டு போய்விட்டான். இன்று வரை ஒரு வண்டி உள்ளே வரவில்லை. சாயங்காலம் பெஞ்சில் உட்கார இடமில்லை. யாரும் யாரையும் இடிக்காமல் நிற்கமுடிகிற ஒரு இடம் நமக்கும் இருக்கிறது என்பதே எனக்குப் புதிதாக இருந்தது. திறப்பு நாளன்று எடுத்த போட்டோவைத்தான் உனக்கு அனுப்பினேன். வலது மூலையில் அப்பா. கையில் பால் தூக்கு. வெள்ளைக் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் நிற்கிறார். போட்டோ எடுத்தபோது அவர் அங்கே நின்று முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

அவர் நிற்கிறார், கண்ணு. கோட்டைப் பார்த்தால் நின்றுவிடுகிறார். முதல் நாள் என்னிடமும் விளையாடுகிறார் என்றுதான் நினைக்க முயன்றேன். வாங்க போகலாம் என்று கையைப் பிடித்தேன். ரெட் விழுந்திருக்குல்ல, பொறும்மா என்றார். மெதுவாக, எனக்கு ஒன்றும் தெரியாது என்பதுபோல. இழுத்துப் பார்த்தேன், உதறிவிட்டார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. யாராவது பார்த்துவிடப்போகிறார்கள் என்ற பதற்றத்தில், எங்கிருந்து வந்ததோ, அவர் காதருகில் போய், போலாம் ரைட் என்றேன். அவர் கண்டக்டர் சொல்வதுபோல. உடனே காலெடுத்து வைத்துப் போய்விட்டார். அன்றிலிருந்து தினமும் காலையில் ஏதாவது வாங்குகிற சாக்கில் கூடவே போகிறேன். பக்கத்தில் போய் முணுமுணுத்துவிட்டு வருகிறேன். தையல்காரி, அக்காவும் மாமாவும் இப்பல்லாம் பிரியறதே இல்ல, என்ன புதுக் கல்யாணமா என்கிறாள். நானும் வெட்கப்படுவதுபோல முகத்தை வைத்துக்கொள்கிறேன். ஒரு நாள் அவரே கேட்டார். அது வண்டிக்குப் போட்டதுன்னு எனக்குத் தெரியும், நான்தான போடச் சொன்னேன், ஆனா கால் கேக்க மாட்டேங்குது, ஏன் அப்படி என்று. நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வயசாச்சுல்ல என்றேன். நீ போன் பண்ணும்போது அவர் எடுக்காததும் இதனால்தான். கோபமெல்லாம் இல்லை. நடுவில் உன் பெயர் வராமல் போய்விடுமோ என்று அவருக்கு பயம். அவர் சொல்லவில்லை. போன் அடித்தால் என்னைப் பார்க்கிறார், அதில் தெரிகிறது.

செவ்வாய்க்கிழமை எனக்குத் தலைவலி, இரண்டு நிமிடம் படுத்தேன். அவர் தனியாகக் கிளம்பிவிட்டார். பைப்படிப் பக்கம் போகவே இல்லை. பின்சந்து வழியாக மெயின் ரோட்டுக்குப் போய்விட்டார், லாரி போகிற ரோடு. தையல்காரி நூல்கண்டு வாங்கிக்கொண்டு வந்தவள் பார்த்து, கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். மாமா ஏதோ யோசனையில போயிட்டாருக்கா என்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன், அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஏன் அந்தப் பக்கம் போனீங்க என்று அவரைக் கேட்டேன். அங்க கோடு இல்லல்ல, அதான் என்றார். இப்போது எனக்கு உட்கார்ந்தால் உட்காரமுடியவில்லை. குளிக்கப் போனாலும் கதவைச் சாத்தாமல் காதைத் தீட்டிக்கொண்டு குளிக்கிறேன். வருகிற ஞாயிறு மிச்ச வேலை. நம் தெருமுனையில் வெள்ளைக் கோடு போடப்போகிறார்கள், நம் வாசலிலிருந்து பன்னிரண்டு அடி. நேற்று எண்ணிப் பார்த்தேன். அது வந்துவிட்டால் அவருக்குப் பைப்படி வழி முழுக்க அடைபட்டுவிடும். மிச்சம் இருப்பது பின்சந்து.

டீச்சரிடம் சொல்லிவிட்டால் போயிற்று. என்ன சொல்வது. நோட்டில் பொய் எழுதினேன் என்று சொல்லவேண்டும். ஏன் என்று கேட்பாள். அதற்கு அந்த வார்த்தையைச் சொல்லவேண்டும். ரெக்கார்டு அறையில் அந்த வார்த்தை எழுதிய ஃபைல்களை எத்தனை அடுக்கியிருக்கிறேன், எது மெலிந்து இருக்கும், எது எத்தனை வருடத்தில் தடிக்கும், கடைசிப் பக்கத்தில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் பெயரில் ஒரு அட்டை எடுத்து அடுக்குவதற்கு எனக்குக் கை வரவில்லை. அதோடு இந்தத் தெரு. நல்லவர்கள்தான். ஆனால் பாவம் என்று பார்ப்பார்கள். முப்பத்தொரு வருடம் அறுபது பேரைப் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுபோன மனிதர். குழந்தையிடம் பேசுவதுபோல அவரிடம் பேசினால் அது அவருக்குப் புரியும். அதைத்தான் தடுக்கப் பார்த்தேன். தடுத்ததில் அவருக்கு அடையாளமாக இருந்த ஒரே குழாயையும் பிடுங்கவைத்துவிட்டேன். அந்த ஒரு நேர்க்கோடு இல்லாமல் இருந்தால் டீச்சர் பார்த்திருப்பாள், மூன்று சுற்று சுற்றுகிறார், இது யாருக்கோ வேண்டிய பொருள் என்று குழாயை விட்டுவைத்திருப்பாள். அதன் மேல் நீலம் அடித்திருப்பாள். அவ்வளவுதானே நடந்திருக்கும். உன்னிடம் மறைத்ததும் அதே கைதான். ஏழு மாதமாக நீ கேட்கும்போதெல்லாம் நேர்க்கோடு போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். என்னை மன்னித்துவிடு என்று எழுதினால் நீ அழுவாய், அதனால் எழுதவில்லை என்று வைத்துக்கொள்.

நீ செய்யவேண்டியது ஒன்றுதான். வாரத்தில் இரண்டு நாள் போன் பண்ணு. நான் போனை அவர் கையில் கொடுத்ததும், அப்பா நான்தான் என்று மட்டும் சொல்லாதே, உன் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிடு. அவர் தேடவேண்டாம். பழைய ரூட் எதையாவது கேள், எந்த ஸ்டாப்பிங்குக்குப் பிறகு எது என்று. அதெல்லாம் அப்படியே இருக்கிறது. உன்னைப் பற்றியும் எனக்குக் கவலை இருக்கிறது. காலையில் வெறும் காபியோடு ஓடாதே. ஜன்னலை மூடிக்கொண்டு ஹீட்டர் போட்டுத் தூங்காதே. நீ தனியாக இருக்கிறாய், அறையின் இன்னொரு சாவியை அக்கம்பக்கத்தில் யாரிடமாவது கொடுத்து வை என்று போன கடிதத்திலேயே எழுதினேன், அதற்கு நீ பதிலே சொல்லவில்லை. எல்லாவற்றையும் நாமே பூட்டி நாமே திறந்துகொள்ளலாம் என்று நினைப்பது என்னிடமிருந்து உனக்கு வந்த குணம். அதை மட்டும் என்னோடு நிறுத்திக்கொள்வோம். நீ எங்கே நடந்தாலும் உன் கால் உன் பேச்சைக் கேட்கட்டும், உடம்பும் மனசும் கெட்டியாக இருக்கட்டும். சாவியை மறக்காதே.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா

கவரை ஒட்டவில்லை, அதற்குள் இது. நான் எழுதிக்கொண்டிருந்தபோது அப்பா மதியத் தூக்கத்திலிருந்து எழுந்து போயிருக்கிறார். கதவுச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. ஜன்னலில் பார்த்தேன். நல்லவேளை, பின்சந்து இல்லை. பைப்படியில், வெள்ளைக் கோட்டில், தூக்கோடு நிற்கிறார். நோட்டையும் சிவப்புப் பேனாவையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். அவரிடம் போகவில்லை. சலூனுக்குப் போனேன். சலூன்காரர் ஒருவருக்கு முகம் முழுக்க நுரை போட்டு ஒரு பக்கம் மழித்திருந்தார். தம்பி, அண்ணன் விளையாட்டுக்கு நிக்கல, அவருக்கு மறந்து போகுது என்றேன். வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சவரக்கத்தி அப்படியே நின்றது. ஏதாவது கேலி வரும் என்று என் உடம்பு காத்திருந்தது. வரவில்லை. என்ன சொன்னா கிளம்புவாரு என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அவர் வாசல்படிக்கு வந்தார், பாதி நுரையோடு அந்த ஆளும் பின்னாலேயே வந்தார். ஷட்டரில் இரண்டு தட்டு தட்டினார். போலாம்ம்ம் ரைட் என்று நான்கு தெருவுக்கும் கேட்கிற மாதிரி ஒரு குரல். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். மாடியில் தையல் மெஷின் நின்றது. அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. டிரைவர்கள் கண்டக்டருக்குக் காட்டுவதுபோல ஒரு கையை மட்டும் தூக்கிவிட்டு, கோட்டைத் தாண்டிப் போனார். பால் வாங்கிக்கொண்டு வந்தார். வரும்போதும் கோட்டில் நின்றார். இந்தத் தடவை மாடியிலிருந்து தையல்காரியின் குரல்.

நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். டீச்சர் முன்னால் நோட்டைத் திறந்து, முப்பத்து நான்காவது கோட்டைச் சிவப்பு மையில் அடித்துவிட்டு, அதன் மேல் மூன்று வட்டம் வரைந்தேன். பக்கத்தில் தேதி போட்டு, ரெக்கார்டு அறையில் செய்வதுபோலச் சின்னதாகக் கையெழுத்து வைத்து, அவள் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.